பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை

"அவனுக்குப் போன் எல்லாம் அத்துப்படி, எங்களுக்குத்தான் ஒண்டும் விளங்காது." இந்தப் பேச்சை யாழ்ப்பாணத்து நீர்வேலியில் எந்த வீட்டு விறாந்தையிலும் கேட்கலாம். கனடாவிலிருந்து மகள் எடுக்கும் வீடியோ அழைப்பைப் பேரன்தான் அம்மம்மாவுக்கு எடுத்துக் கொடுக்கிறான். மின்சாரப் பட்டியலைப் போனிலேயே கட்டுவதும், அப்பாவின் போனில் இடம் நிரம்பிவிட்டால் படங்களை அழித்துக் கொடுப்பதும் அவன்தான். பெருமையும் இயலாமையும் கலந்த அந்தப் பேச்சு வீட்டோடு நின்றுவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் அது பாடசாலைக்குள்ளும் புகுந்துவிட்டது. பிள்ளைக்குத் தெரியும் என்று நினைக்கும் ஆசிரியர் சொல்லிக்கொடுப்பதில்லை. தனக்குத் தெரியாது என்று நினைக்கும் பெற்றோர் கேள்வி கேட்பதில்லை. இரண்டு நினைப்பும் பிழை. இரண்டுக்கும் நடுவில் பிள்ளையின் படிப்பு அந்தரத்தில் நிற்கிறது.

முதலில் மூத்தவர்களை எடுத்துக்கொள்வோம். இன்று ஐம்பதை ஒட்டிய வயதில் பெற்றோராகவும் ஆசிரியராகவும் இருப்பவர்கள், 1990இல் இரண்டாம் ஈழப்போர் மூண்டபின் குடாநாட்டில் உயர்தரம் படித்தவர்கள். மின்சாரம் நின்றுபோனது. பெற்றோல் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள், மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, திரியைச் செருகி எரித்த விளக்கில்தான் அவர்கள் பரீட்சைக்குப் படித்தார்கள். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்டோபரில் இராணுவம் நீர்வேலி ஊடாக முன்னேறியதும், அந்த மாத இறுதியில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனதும் இந்தப் படிப்பின் நடுவில்தான். எந்தப் பொருள் எதனால் இயங்குகிறது, எது பழுதானால் எதை மாற்றலாம் என்று இவர்களைப்போல அறிந்த தலைமுறை இங்கே வேறில்லை. இவர்களைத் தொழில்நுட்பம் தெரியாதவர்கள் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? இவர்களுக்குத் தெரியாதது எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதுதான். மனம் வைத்தால் அது சில நாட்களில் பழகிவிடும்.

அந்தத் தலைமுறையிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. அதைத்தான் நான் இங்கே பெரிதாக எண்ணுகிறேன். கொழும்பிலிருந்து இலங்கை வானொலி ஒன்று சொல்லும், புலிகளின் குரல் வேறொன்று சொல்லும், இலண்டனிலிருந்து பிபிசி தமிழோசை மூன்றாவதாக ஒன்று சொல்லும். மூன்றையும் கேட்டுவிட்டு, யார் எதை மறைக்கிறார்கள், யாருக்கு எது இலாபம், எந்தச் செய்தி இரண்டு எதிர்த்தரப்பிலும் ஒத்துவருகிறது என்று படலையடியில் நின்று கதைத்துத்தான் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவில் உயிர் தங்கியிருந்தது. எந்தப் பக்கம் போவது, எப்போது வெளிக்கிடுவது என்பது அதைப் பொறுத்தது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வை இதனுடன் சேர்த்து வாசிக்க வேண்டும். கலாநிதிப் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர் 10 பேர், அப்பல்கலைக்கழக மாணவர் 25 பேர், செய்திகளைச் சரிபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர். மூன்று தரப்பாரிடமும் சில இணையத்தளங்களைக் கொடுத்து, எதை நம்பலாம் என்று கேட்டார்கள். மாணவர்கள் மட்டுமின்றி வரலாற்றாசிரியர்களும் அடிக்கடி ஏமாந்தார்கள். அழகான வடிவமைப்பும் கம்பீரமான பெயரும் அவர்களை மயக்கின. சரிபார்ப்பவர்கள் மட்டும் அந்தப் பக்கத்தில் மினக்கெடவே இல்லை. உடனே வெளியே வந்து, இந்த நிறுவனத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். டைனமோ வானொலிக்காரர்கள் செய்ததும் இதைத்தான். வயதோ பட்டமோ இதைத் தருவதில்லை. பழக்கம் தருகிறது. பழக்கம் என்றால் அதைப் பழக்கிவிடவும் முடியும்.

இனிப் பிள்ளைகள் பக்கம். இலங்கையின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 5 முதல் 69 வயது வரையானோரிடம் கணினி எழுத்தறிவைக் கணக்கெடுக்கிறது. 2021இல் அது 34.3 சதவீதம். திறன்பேசியையும் சேர்த்துக்கொள்ளும் டிஜிட்டல் எழுத்தறிவு 57.2 சதவீதம். எண்களைவிட அவற்றுக்குப் பின்னாலுள்ள வரைவிலக்கணம் கவனிக்கத்தக்கது. ஐந்து வயதுப் பிள்ளை கணினியில் தானாக ஒரு விளையாட்டை விளையாடத் தெரிந்தால், அப்பிள்ளை கணினி எழுத்தறிவு பெற்றவர் என்று திணைக்களமே உதாரணம் தருகிறது. கணக்கெடுப்புக்கு ஏதாவது ஓர் அளவுகோல் வேண்டும், அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் விளையாடத் தெரிந்த பிள்ளையைப் படிக்கத் தெரிந்த பிள்ளை என்று பாடசாலையும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? தமிழ் நெடுங்கணக்கைச் சொல்லத் தெரிந்தவுடன் பிள்ளைக்கு வாசிப்புப் பாடத்தை நிறுத்திவிடும் ஆசிரியர் எவரும் இல்லை.

பிறந்ததிலிருந்தே திரையோடு வளர்ந்த பிள்ளைகள் வேறு வகையாகச் சிந்திப்பவர்கள், அவர்களுக்கு முன்னால் ஆசிரியர்கள் குடியேறிகள் போன்றவர்கள் என்ற கருத்தை 2001இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் பிரென்ஸ்கி பரப்பினார். கேட்கக் கவர்ச்சியான கருத்து, அதனால் உலகம் முழுவதும் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் புகுந்தது. ஆனால் பிறகு வந்த அளவீடுகள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. 2018இல் டென்மார்க், ஜெர்மனி, தென்கொரியா, அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் எட்டாம் வகுப்பு மாணவர் ஏறக்குறைய 46,000 பேரிடம் நடந்த சர்வதேசச் சோதனையில், இணையத்தில் கிடைக்கும் தகவலைத் தாமாக எடைபோட்டுப் பயன்படுத்தும் உயர்மட்டத்தை எட்டியவர்கள் சராசரியாக 2 சதவீதம்தான். அடிப்படை மட்டத்தையே எட்டாதவர்கள் 18 சதவீதம். வீட்டுக்கு வீடு கணினி உள்ள நாடுகளின் நிலையே இது. திரையோடு வளர்வதால் மட்டும் திறமை வந்துவிடுமென்றால் டென்மார்க்கில் வந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர்களில் இந்த நம்பிக்கையின் விளைவு கொரோனா காலத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. 2020 மார்ச் நடுப்பகுதியில் பாடசாலைகள் மூடப்பட்டன. திறப்பதும் மூடுவதுமாக 2021 முடியும் தறுவாய் வரை அது இழுபட்டது. இடையில் 2021 ஜூலையிலிருந்து சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மறுபடி மூடின. அந்தக் காலத்தில் பெரும்பாலான வீடுகளில் இணையவழிக் கல்வி என்பது என்னவாக இருந்தது? ஆசிரியர் தன் கொப்பியில் எழுதிய குறிப்பைப் படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டார். பிள்ளை அதை இரண்டு விரலால் பெரிதாக்கி, வரி வரியாகத் தன் கொப்பியில் பார்த்து எழுதியது. எழுதியதைத் தாய் படம் எடுத்துத் திருப்பி அனுப்பினார். அதன் கீழே பெருவிரல் படம் ஒன்று வந்து விழுந்தது. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதும் பழைய வேலைக்கு நடுவில் ஒரு கண்ணாடித் திரை வந்ததைத் தவிர, கற்றலில் எதுவும் மாறவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு நாள் பயிற்சிகூட இல்லாமல் தங்கள் சொந்தச் செலவில் டேட்டா போட்டு அதையாவது செய்தவர்கள் அவர்கள். ஆனால் பிள்ளைகளின் கையில் திறமை தானாகவே இருந்திருந்தால், அந்த மாதங்களில் அது எங்காவது தலைகாட்டியிருக்க வேண்டாமா?

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பிள்ளைகளைத் தனியே விட்டால் தாமாகவே கற்பார்கள் என்று காட்டிய பரிசோதனைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இந்தியப் பேராசிரியர் சுகதா மித்ரா 1999இல் டில்லியின் கல்காஜிப் பகுதியில் ஒரு சுவரில் துளையிட்டுக் கணினியை வைத்தார். சேரிப் பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அதை இயக்கப் பழகினார்கள். அது மெய்தான். ஆனால் அவரே பிறகு தென்னிந்தியத் தமிழ்க் கிராமமான காளிக்குப்பத்தில் செய்த பரிசோதனையைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைகளிடம் மரபணு பற்றிய கடினமான பாடத்தை ஆங்கிலத்தில், கணினியில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மாதத்தில் பூச்சியத்திலிருந்து 30 புள்ளி வரை எட்டினார்கள். வியப்புத்தான், ஆனால் அங்கேயே நின்றுவிட்டார்கள். பிறகு அந்தப் பாடம் சிறிதும் தெரியாத ஓர் இளம்பெண்ணை அழைத்து, ஒரு பாட்டி செய்வதுபோலப் பின்னால் நின்று, "இது என்ன? எப்படிக் கண்டுபிடித்தாய்? எனக்கும் காட்டு" என்று கேட்டுக்கொண்டிருக்கச் சொன்னார். புள்ளி 50க்கு ஏறியது. டில்லியில் பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் படித்த வசதியான பாடசாலைப் பிள்ளைகளின் அளவு அது. பங்கெடுத்த பிள்ளைகள் மிகச் சிலரே, அதனால் இதை அளவுக்கு மீறி நம்பத் தேவையில்லை. ஆனாலும் சுயமாகக் கற்றலின் மிகப் பெரிய ஆதரவாளரின் கையாலேயே வந்த முடிவு இது. வீட்டில் ஒரு மூத்தவர் நின்று கேள்வி கேட்பது பிள்ளையை மேலே தூக்குகிறது, அவருக்குப் பாடமே தெரியாவிட்டாலும். "எங்களுக்கு விளங்காது" என்று எழும்பிப் போகும் நீர்வேலித் தாய் தந்தையர் விட்டுச் செல்வது இந்த 20 புள்ளியைத்தான்.

யாழ்ப்பாணத்துக்குப் புதிய கருவி வந்து கல்வியைப் புரட்டியது இது முதல் தடவையும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மிஷனரிமாருடன் அச்சு வந்தது. அதுவரை கல்வி ஏட்டில் இருந்தது. ஏடு அரிது, ஆகையால் மனனம்தான் முறை. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், மறு வருடம் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். ஏட்டில் இருந்ததை அப்படியே அச்சில் கொட்டிவிட்டு அவர் நின்றுவிடவில்லை. சிறு பிள்ளைக்கு எது முதல், எது பிறகு என்று படிப்படியாக வகுத்துப் பாலபாடங்களை எழுதினார். பதிப்பித்த நூல்களைப் பிழையறப் பரிசோதித்தார். அச்சியந்திரத்தை இயக்கத் தெரிந்தவர்கள் அந்நாளில் வேறு பலர் இருந்தார்கள். மரபுக் கல்வியில் ஊறிய ஒருவர் அதைப் பிள்ளைக்கு உரிய பாடமாக்கிக் கொடுத்தபோதுதான் அச்சு இங்கே கல்வியானது. நாவலரின் காலத்தவரான நீர்வேலிச் சங்கர பண்டிதரும் வடமொழியையும் தமிழையும் ஆழக் கற்றவர், நூல்கள் எழுதியவர். பண்டிதர் பரம்பரை இருந்த ஊர் என்று பெருமை பேசும் நாங்கள், அந்தப் பண்டிதர்கள் தங்கள் காலத்தின் புதிய கருவியைக் கண்டு ஒதுங்கிப் போகவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தக் கேள்வி கூர்மையாகிவிட்டது. சட்ஜிபிடி 2022 நவம்பர் முடிவில் வெளிவந்தது. இன்று தரம் 9 பிள்ளை ஒப்படையைக் கொடுத்து விடையை வாங்கிக்கொள்கிறது. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலை மாணவரிடம் கணிதப் பாடத்தில் நடந்த கள ஆய்வு 2025இல் வெளியானது. சாதாரண சட்ஜிபிடி போன்ற ஒன்றை ஒரு பகுதியினருக்குக் கொடுத்தார்கள். பயிற்சிக் கணக்குகளில் அவர்கள் மற்றவர்களைவிட 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தபோது, அதைத் தொடவே தொடாத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவாகச் செய்தார்கள். தாங்கள் குறைவாகக் கற்றோம் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. இன்னொரு பகுதியினருக்குக் கொடுத்த கருவியில், ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்த குறிப்புகள் சேர்க்கப்பட்டிருந்தன. அது விடையைச் சொல்லாது, அடுத்த படிக்குத் துப்புக் கொடுக்கும். அந்தப் பிள்ளைகள் பயிற்சியில் 127 சதவீதம் முன்னேறினார்கள், பரீட்சையில் அவர்களுக்குப் பெரிய பாதிப்பும் இல்லை. இயந்திரம் ஒன்றுதான். பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்று ஆண்டாண்டாகக் கண்ட ஆசிரியரின் அறிவு ஒன்றில் இருந்தது, மற்றதில் இல்லை.

அப்படியானால் போனையே பிடுங்கிவிடலாமே என்பார்கள் இன்னொரு தரப்பினர். அவர்களுக்கும் ஆதாரம் உண்டு. சுவீடன் அரசு 2023இல் அச்சுப் பாடநூல்களுக்குத் தனியாக நிதி ஒதுக்கித் திரையிலிருந்து பின்வாங்கியது. அதே ஆண்டின் யுனெஸ்கோ அறிக்கை, உலக நாடுகளில் நாலில் ஒன்றுக்கும் குறைவானவை பாடசாலைகளில் திறன்பேசியைத் தடைசெய்திருப்பதாகச் சொன்னது. அதற்குப் பிறகு பல நாடுகள் தடையை நோக்கி நகர்ந்திருக்கின்றன. வகுப்பு நடக்கும்போது பிள்ளையின் பையில் போன் இருக்கத் தேவையில்லை என்பதை நானும் ஏற்கிறேன். கவனச்சிதறலுக்கு வாதம் தேவையில்லை. ஆனால் தடை, வாசலில் நிற்கும் காவலாளியின் வேலையைத்தான் செய்யும். பாடசாலை விட்டபின் ரியூசனுக்கும் வீட்டுக்கும் இடையில் அந்தப் போன் பிள்ளையின் கைக்கு வந்துவிடும். சுவீடனிடம் பின்வாங்கிச் செல்ல நல்ல நூலகங்களும் பாடநூல்களும் இருந்தன. 1981இல் யாழ் நூலகத்தோடு 97,000 நூல்களைப் பறிகொடுத்த மண்ணில், 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில்தான் எங்கள் பழைய ஏடுகளும் பத்திரிகைகளும் பல்லாயிரக்கணக்கில் சேர்ந்திருக்கின்றன. திரையை மூடினால் எங்கள் பிள்ளைக்கு அந்த வாசலும் மூடிவிடும்.

நடைமுறையில் நேரம் எங்கே என்பதுதான் கடைசி மறுப்பு. இது நியாயமான மறுப்பு, தட்டிக்கழிக்கக் கூடாது. தரம் 5 புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று பரீட்சை ஓட்டத்தில் இருக்கும் ஆசிரியர் புள்ளி வராத ஒன்றுக்கு நேரம் ஒதுக்க மாட்டார். உயர்தர மாணவருக்குப் பொதுத் தகவல் தொழில்நுட்பப் பரீட்சை என்று ஒன்று உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் அது சேராது, ஆகவே பிள்ளைகள் அதை எப்படி எடுக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு இருட்டில் வீடு வரும் தகப்பனை, பிள்ளையின் பக்கத்தில் இருந்து பாடம் பார் என்று சொல்வதும் எளிதாக இல்லை. ஆனால் நான் கேட்பது புதிய பாடத்தையோ புதிய பரீட்சையையோ அல்ல. புலம்பெயர்ந்த பழைய மாணவர் அனுப்பும் காசில் இன்னொரு ஸ்மார்ட் வகுப்பறையைத் திறந்து, நாடா வெட்டிப் படம் எடுக்கவும் வேண்டாம். திறந்த மறுமாதமே துணி போர்த்தி வைக்கப்பட்ட திரைகள் குடாநாட்டில் போதியளவு இருக்கின்றன.

ஒப்படை கொடுக்கும் முறையை மட்டும் மாற்றினால் போதும். வரலாறு, தமிழ், சூழல் பாடங்களில் ஒப்படைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் தவணைக்கு ஒன்றையாவது இப்படிக் கொடுக்கலாம்: நீர்வேலியில் வாழைச் செய்கை எப்படி வளர்ந்தது, 1995இல் ஊர் பெயர்ந்தபோது எந்த வழியால் போனது, சங்கர பண்டிதர் யார். பிள்ளை முதலில் செயற்கை நுண்ணறிவைக் கேட்கட்டும், விடையை எழுதி வைக்கட்டும். பிறகு அதே கேள்வியை அப்பப்பாவிடமோ அயலிலுள்ள முதியவரிடமோ கேட்கட்டும். மூன்றாவதாக நூலகம் இணையத்தளத்தில் ஒரு பழைய மலரையாவது பத்திரிகையையாவது தேடி எடுக்கட்டும். மூன்றும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன, யாரை ஏன் நம்பினாய் என்பதற்குப் புள்ளி கொடுங்கள். இணையத்தில் எழுத்துக் குறைந்த சிறிய ஊரைப் பற்றிக் கேட்டால், இயந்திரம் தெரியாததையும் தெரிந்ததுபோலச் சொல்லி நிரப்பிவிடும். அந்தப் பிழையைப் பிடிக்கக்கூடியவர் கொழும்பிலோ கலிபோர்னியாவிலோ இல்லை, வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருக்கிறார். பேரன் தேடிக் கொடுப்பான், அவர் பிழை பிடிப்பார். வானொலிக் காலத்துப் பழக்கம் அப்படியே கைமாறும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை, பாடத்திட்டத்தில் ஒரு வரியும் மாற வேண்டியதில்லை.

தாய் தந்தையரிடம் கேட்பது இன்னும் சிறியது. பிள்ளை போனில் படிக்கும்போது ஐந்து நிமிடம் பின்னால் நின்று, இது யார் சொன்னது, எங்கே எடுத்தாய், கொப்பியைப் பாராமல் எனக்குச் சொல்லிக் காட்டு என்று கேளுங்கள். பதில் சரியா பிழையா என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. நீர்வேலிக்கு அடுத்த ஊரான கோப்பாயிலேயே ஆசிரிய கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் இருக்கின்றன. அங்கிருந்து கற்பித்தல் பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்கள் இந்த ஒப்படை முறையை நீர்வேலிப் பாடசாலைகளில் ஒரு தவணை செய்து பார்க்கலாம். அத்தியார் இந்துக் கல்லூரி போன்ற பாடசாலைகளின் அதிபர்களும் யாழ்ப்பாண வலயக் கல்வி அலுவலகமும் வரும் ஆண்டின் முதலாம் தவணையிலேயே இதைத் தொடங்க முன்வர வேண்டும்.